சைக்கிள முந்திட்டு உடனே இடது பக்கம் திரும்பாதீங்க: சுங்கை சிப்புட் வாசகிக்கு பதில்

கேள்வி:

சார், நான் மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல இருக்கேன், மைவி கார் ஓட்டுறேன், லைசென் எடுத்து நாலு வருஷம் ஆச்சு. போன வாரம் சாயங்காலம் வேலை முடிஞ்சு லிந்தாங் போற ரோட்டுல வந்து எங்க தாமானுக்கு (குடியிருப்புக்கு) இடது பக்கம் திரும்பினேன். சிக்னல் போட்டுட்டுத்தான் திரும்பினேன். அதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு தாத்தா சைக்கிள்ல ஓரமா போயிட்டு இருந்தாரு, அவர பொத்தோங் பண்ணிட்டு (முந்திட்டு) வந்தேன். திரும்புறப்போ பின் கதவுல டொப்புன்னு சத்தம். இறங்கி பாத்தா தாத்தா கீழ கெடக்குறாரு. முட்டியில சிராய்ப்பு, நெத்தியில லேசா வீக்கம். ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லி எழுந்து சைக்கிள தள்ளிட்டு போயிட்டாரு. என் வீட்டுக்காரர் செம்பனை (எண்ணெய்ப்பனை) பழ லோரி ஓட்டுறவரு, அவர் சொல்றாரு நீ சிக்னல் போட்டுட்ட, பின்னால வர்றவர்தான் பாத்து நிறுத்தணும், சாலா (தப்பு) அவர் மேலதான்னு. ஆனா எனக்கு அன்னிலேருந்து தூக்கம் இல்ல, அந்த சிம்பாங் (ரோடு பிரியற சந்தி) வந்தாலே கை நடுங்குது. தப்பு யார் மேல? எப்படி திரும்பியிருக்கணும்? எங்க மகளும் அடுத்த வருஷம் ஸ்கூலுக்கு சைக்கிள்ல போறேன்னு கேக்குறா.

பதில்:

தங்கச்சி, திரும்புறத பத்தி அப்புறம் பேசுவோம், மொதல்ல அந்த தாத்தாவ தேடிப் போயி பாருங்க. நெத்தியில வீக்கம்னு எழுதியிருக்கீங்க, அதுதான் எனக்கு கவலை. வயசானவங்களுக்கு தலையில அடிபட்டா அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, சில பேருக்கு நாள் கழிச்சு, வாரம் கழிச்சுகூட உள்ள ரத்தம் கசியலாம், அதுலயும் ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவரா இருந்தா இன்னும் கவனமா இருக்கணும். தலைவலி விடாம இருக்கா, வாந்தி வருதா, எப்பவும் தூக்கமாவே இருக்காரா, பேச்சு கொழறுதா, நடை தள்ளாடுதான்னு வீட்டுல உள்ளவங்ககிட்ட கேளுங்க, இதுல ஒண்ணு இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க. ஒண்ணும் இல்லன்னாலும் கிளினிக்ல ஒரு தடவை காட்டிடுறது நல்லது. நம்ம டவுன்ல சைக்கிள் ஓட்டுற தாத்தா யாருன்னு கடைத்தெருவுல கேட்டாலே சொல்லிடுவாங்க, கண்டுபிடிக்கிறது கஷ்டம் இல்ல.

அடுத்தது போலீஸ் ரிப்போர்ட். 1987 சாலைப் போக்குவரத்து சட்டம் 52வது பிரிவுல விபத்துன்னா வண்டிய நிறுத்தணும், அடிபட்டவங்களுக்கு உதவி பண்ணணும், 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்ல ரிப்போர்ட் செய்யணும்னு இருக்கு. அவர் எழுந்து போயிட்டாருங்கறதால அந்த கடமை போயிடாது. ஒரு வாரம் ஓடிருச்சு, இருந்தாலும் பரவால்ல, நாளைக்கே போயி நடந்தத நடந்தபடி சொல்லி எழுதிக் கொடுங்க. சமன் (அபராத நோட்டீஸ்) வந்தாலும் வரட்டும். பின்னால ஏதாச்சும் பிரச்சனையாகி அப்போ முதல் முறையா உங்க பேரு வெளிய வர்றதவிட நீங்களே போயி சொல்றது ரொம்ப நல்லது, உங்க தூக்கத்துக்கும் அதுதான் மருந்து.

இப்போ தப்பு யார் மேலங்கற கேள்வி. சட்டப்படி முடிவு சொல்ல வேண்டியது போலீஸும் கோர்ட்டும்தான். ஆனா காடி (கார்) ஓட்ட சொல்லிக்கொடுக்குறவனா நீங்க எழுதினத வச்சு என்கிட்ட கேட்டா நேரா சொல்றேன், அந்த திருப்பம் தப்பான திருப்பம், அத எடுத்தது நீங்க. மனசு சங்கடப்படும்னு தெரியும். ஆனா நீங்க சிக்னல் போடல, வேகமா வந்தீங்க, போன் பாத்தீங்கன்னு நான் சொல்லல, அது எதுவும் நடக்கல. நடந்தது ஒண்ணே ஒண்ணு, நேரா போயிட்டு இருந்த ஒருத்தர முந்திட்டு அவர் போற வழிக்கு குறுக்க வண்டிய விட்டீங்க. சிக்னல் போட்டா நான் திரும்பப் போறேன்னு மத்தவங்களுக்கு சொல்றோம், அவ்வளவுதான், வழி நம்மளுதுன்னு ஆயிடாது. அதுவும் அவர முந்தின பிறகு போட்ட சிக்னல அவர் எந்த நேரத்துல பாத்து எந்த நேரத்துல பிரேக் பிடிப்பாரு? வயசானவரு, பழைய சைக்கிளு, பிரேக் ரப்பர் தேஞ்சிருக்கும், ஹேண்டல்ல சாமான் பை வேற தொங்கிட்டு இருந்திருக்கும்.

உங்க மனசுல ஒண்ணு உறுத்திட்டே இருக்கும்னு நினைக்கிறேன், நான்தான் அவர தாண்டி வந்துட்டேனே, அவர் எப்படி அதுக்குள்ள வந்தாருன்னு. இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. கணக்கு போட்டு காட்டுறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க. சாதாரணமா சைக்கிள் மிதிக்கிறவரு மணிக்கு 18 கிலோமீட்டர் போனா விநாடிக்கு 5 மீட்டர். சிம்பாங்குக்கு 40 மீட்டர் முன்னாடி நீங்க அவர தாண்டுறீங்கன்னு வைங்க, 40 மீட்டர்னா மைவி பத்து காடிய வரிசையா நிறுத்தினா வர்ற தூரம், பாக்க நிறைய இடம் மாதிரிதான் தெரியும். அவர் அந்த 40 மீட்டர 8 விநாடில கடந்துடுவாரு. நீங்க? 50ல வந்தவங்க திரும்புறதுக்காக 15க்கு குறைக்கணும், அப்போ சராசரியா 30ல வர்றீங்க, சிம்பாங் வாய்க்கு வர 5 விநாடி ஆகும். அப்புறம் வளைஞ்சு காடியோட வால் ரோட்ட விட்டு உள்ள போக இன்னொரு 3 விநாடி. அஞ்சும் மூணும் எட்டு. அவரும் எட்டு. அதனாலதான் முன் பம்பர்ல படாம பின் கதவுல பட்டிருக்கு. நீங்க வேகத்த குறைச்சுக்கிட்டே வந்தீங்க, அவர் குறைக்கவே இல்ல, முந்தினப்போ கெடச்ச இடைவெளி நீங்க அவரவிட மெதுவா ஆனதும் சுருங்க ஆரம்பிச்சிடுச்சு, கண்ணாடில கடைசியா பாத்தப்போ அவர் தூரமா இருந்தாருங்கற ஞாபகத்துலயே நீங்க ஸ்டீரிங்க திருப்பிட்டீங்க.

இப்போ அதே கணக்க வேற மாதிரி பாருங்க. முந்தாம அவர் பின்னாலயே வந்திருந்தா அவருக்கு 8 விநாடி, உங்களுக்கு 5 விநாடி, அதாவது நீங்க காத்திருக்க வேண்டியது 3 விநாடி. எந்த அவசரத்துக்கும் மூணு விநாடி பெருசு இல்ல.

அதனால என்கிட்ட கத்துக்கிற பிள்ளைங்களுக்கு நான் திரும்பத் திரும்ப சொல்றது, இடது பக்கம் திரும்புறது சிம்பாங்ல ஆரம்பிக்கிறது இல்ல, அதுக்கு நூறு மீட்டர் முன்னாடியே ஆரம்பிச்சுடுது. நூறு மீட்டருக்குள்ள நீங்க திரும்பணும், முன்னால ஒரு சைக்கிள் போகுது, அப்போ முந்தாதீங்க. சுமாரா மூணு விளக்குக் கம்பம் தூரம்னு கண்ணுல வச்சுக்குங்க. வேகத்த குறைச்சு அவர் பின்னால இடைவெளி விட்டு வாங்க, ஹோன் அடிக்காதீங்க, அவர் சிம்பாங்க தாண்டட்டும், அப்புறம் திரும்புங்க. பின்னால இருக்கற காடி ஹோன் அடிச்சா அடிக்கட்டும், உங்க சிக்னல் எரியுது, என்ன செய்யறீங்கன்னு அவருக்கு தெரியும். பின்னால வர்றவனோட பொறுமைய காப்பாத்த முன்னால போறவரோட காலு கைய பந்தயம் வைக்க முடியாது.

சைக்கிள் ஏற்கனவே உங்களுக்கு பின்னால எங்கயோ வந்துட்டு இருக்குன்னா அது வேற கதை. அப்போ சீக்கிரமா சிக்னல் போடுங்க, உள் கண்ணாடி பாருங்க, இடது கண்ணாடி பாருங்க, அப்புறம் தலைய திருப்பி இடது தோளுக்கு மேல பின் ஜன்னல் வழியா ஒரு பார்வை. காலியா இருந்தா மெதுமெதுவா ரோட்டோட இடது ஓரத்துக்கு வந்துடுங்க, ஓரத்துல ஒரு சைக்கிள் நுழையற அளவு சந்து விட்டுட்டு நடு லேன்லேருந்து சடார்னு வளையாதீங்க. அந்த சந்துதான் ஆள இழுக்கும், சைக்கிளும் வரும், கப்சாய் மோட்டரும் (சின்ன மோட்டர் சைக்கிளும்) வரும். நீங்க ஓரமா வந்துட்டா பின்னால வர்றவங்களுக்கு உங்க எண்ணம் புரியும், ஒண்ணு பின்னால நிப்பாங்க, இல்ல வலது பக்கமா சுத்திட்டு போவாங்க. ஆனா ஒண்ணு, பக்கத்துலயே ஒருத்தர் இருக்கறப்போ இத செஞ்சா அவர லோங்காங்ல (ரோட்டோர கால்வாய்ல) தள்ளுறதுக்கு சமம். இடம் காலியா இருக்கறப்போ மட்டும்தான்.

தலைய திருப்பி பாக்கணும்னு சொன்னேன்ல, அத யாரும் செய்யறது இல்ல, டெஸ்ட்டுல ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஆபீசர் பக்கத்துல உக்காந்திருக்கறப்போ செய்வாங்க, லைசென் கையில வந்ததும் மறந்துடுவாங்க. நம்ம நாட்டுல ஸ்டீரிங் வலது பக்கம், அதனால காடியோட இடது பின் மூலைதான் நம்ம கண்ணுக்கு ரொம்ப தூரம். இடது கண்ணாடி வளைஞ்ச கண்ணாடியா இருந்தா அதுல தெரியறது எல்லாம் உண்மையவிட சின்னதாவும் தூரமாவும் தெரியும், ஒல்லியா ஒரு சைக்கிள் பத்து மீட்டர்ல இருந்தாலும் இருபதுல இருக்கற மாதிரி தோணும். ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்ல காடிய நிறுத்திட்டு நீங்க டிரைவர் சீட்ல உக்காருங்க, மகள சைக்கிள புடிச்சுக்கிட்டு காடியோட இடது பின் மூலைலேருந்து மெல்ல முன்னால தள்ளிட்டு வரச் சொல்லுங்க, இன்ஜின் ஆஃப்ல இருக்கட்டும். எந்த இடத்துல கண்ணாடிலேருந்து மறையுறா, எந்த இடத்துல ஜன்னல்ல தெரியுறான்னு பாருங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடத்த சொந்த மகள வச்சு ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் நான் சொல்லாமலே தலை தானா திரும்பும்.

இங்க சைக்கிள்காரங்கள பத்தி பொதுவா ஒரு குறை சொல்வாங்க, ஓரமா போகாம நடுவுல ஆடிக்கிட்டு வர்றாங்கன்னு. தோட்டத்து ரோட்டோட ஓரத்த இறங்கி பாத்தவங்க அப்படி சொல்ல மாட்டாங்க. லோரிலேருந்து விழுந்த உதிரிப் பழம் கெடக்கும், முள்ளு மட்டை கெடக்கும், மழைக்கு அடிச்சிட்டு வந்த மணல், தார் உடைஞ்ச விளிம்பு, அதுக்கு அந்த பக்கம் லோங்காங். ஒரு செம்பனைப் பழம் சக்கரத்துக்கு அடியில போனாலே சைக்கிள் வழுக்கிடும். அதனால அவர் விளிம்புலேருந்து தள்ளித்தான் ஓட்டுவாரு, திடீர்னு வலது பக்கம் ஒதுங்கவும் செய்வாரு. பொத்தோங் பண்றப்போ ஒன்றரை மீட்டர் இடம் விடுங்க, இரட்டைக் கோடோ எதிர்ல வண்டியோ இருந்து அவ்வளவு இடம் கிடைக்காதுன்னா கெடைக்கற வரைக்கும் பின்னாலயே இருங்க.

நம்மள மாதிரியே இடது பக்கம் ஓட்டுற நாடு பிரிட்டன். அங்க 2022 ஜனவரியில சாலை விதிப் புத்தகத்த திருத்துனப்போ இதையேதான் தனி விதியா எழுதி வச்சாங்க, சிம்பாங்ல திரும்புறப்போ நேரா போற சைக்கிள்காரருக்கு குறுக்க வெட்டக் கூடாது, தேவைப்பட்டா நின்னு பாதுகாப்பான இடைவெளி வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு. ஒன்றரை மீட்டர் கணக்கும் அதே திருத்தத்துல வந்ததுதான். நம்ம நாட்டு சட்டம் வேற, ஆனா ரோட்டுல நடக்குற இயற்பியல் ஒண்ணுதான், அதனால அத நாமளும் பின்பற்றலாம், யாரும் தடுக்கப் போறது இல்ல.

உங்க வீட்டுக்காரர் இத படிப்பாருன்னு நினைக்கிறேன், அவருக்கும் கொஞ்சம் சொல்லணும். மாப்பிள்ள, நீங்க ஓட்டுறது பழ லோரி, உங்க கையில இருக்கற வண்டிக்கு இந்த விஷயம் உங்க மனைவியோட மைவியவிட பல மடங்கு முக்கியம். மைவில பட்டவர் முட்டியில சிராய்ப்போட எழுந்து போனாரு, லோரியா இருந்தா கதை வேற. நீளமான வண்டி வளையறப்போ பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்துல போகாது, உள் பக்கமா வெட்டிட்டுப் போகும், உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியது இல்ல. அதுக்காகத்தான் குறுகலான தோட்டத்து மண் ரோட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஸ்டீரிங்க வலது பக்கம் ஒடிச்சு அகலமா எடுக்குறீங்க. ஆனா பின்னால சைக்கிள்ல வர்ற வங்காளதேசத்து தம்பிக்கோ ஸ்கூல் பையனுக்கோ அது எப்படி தெரியும்? லோரி வலது பக்கம் ஒதுங்குது, இடது பக்கம் இவ்வளவு இடம் தொறந்துருச்சு, நாம போயிடலாம்னு உள்ள வருவாங்க. அவங்க உள்ள வந்த நேரம் பாத்து நீங்க இடது பக்கம் ஒடிப்பீங்க, பின் சக்கரம் அந்த இடத்த மூடிடும். உங்க உயரத்துல உக்காந்தா இடது கதவுக்கு கீழ ஒரு ஆளு சைக்கிளோட நின்னாலும் தெரியாது. அதனால ஒடிக்கிறதுக்கு முன்னாடியே சிக்னல் எரியணும், வண்டி நடந்து போற வேகத்துக்கு வந்துடணும், கெலிண்டான் (லோரி உதவியாளர்) இருந்தா இடது ஜன்னல எறக்கி எட்டிப் பாக்கச் சொல்லுங்க, சந்தேகமா இருந்தா நிறுத்திடுங்க. பழம் ஆலைக்கு அஞ்சு நிமிஷம் லேட்டா போனா ஒண்ணும் ஆகிடாது. பின்னால வர்றவர்தான் பாத்து நிறுத்தணும்னு சொன்னீங்க. ஒரு லோரியும் ஒரு சைக்கிளும் ஒரே இடத்துக்கு வர்றப்போ பாக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு அதிகம்னு நீங்களே யோசிங்க, எனக்கு எந்த சந்தேகமும் இல்ல.

சில ஹாய்லக்ஸ் பிக்கப் காரங்க, ஏன் சின்ன காடிக்காரங்ககூட, லோரி மாதிரியே இடது பக்கம் திரும்புறதுக்கு முன்னாடி வலது பக்கம் ஒரு வீச்சு வீசிட்டு திரும்புவாங்க. தங்கச்சி உங்களுக்கு அந்த பழக்கம் இருந்தா விட்டுடுங்க. மைவிக்கு அது தேவையே இல்ல.

வலது பக்கம் திரும்புறத நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லாம விட முடியல, ஏன்னா நம்ம டவுன்ல அதுலதான் நல்ல மனசே ஆபத்தா போயிடுது. சாயங்காலம் எதிர் பக்கம் வரிசையா வண்டி நிக்குது, நீங்க வலது பக்கம் தாமானுக்குள்ள போக காத்திருக்கீங்க, எதிர்ல ஒரு லோரிக்காரர் இடம் விட்டு லைட் அடிக்கிறாரு, போங்கன்னு. நீங்களும் கைய தூக்கி நன்றி சொல்லிட்டு, அவர காக்க வைக்கக் கூடாதேன்னு சர்ருன்னு உள்ள போவீங்க. அந்த லோரிக்கு இடது பக்கம், ஓரமா, நிக்காம ஒரு சைக்கிள் வந்துட்டு இருக்கும், இல்ல கப்சாய் வந்துட்டு இருக்கும். லோரி மறைக்கிறதால நீங்க அவர பாக்க முடியாது, அவர் உங்கள பாக்க முடியாது. லைட் அடிச்சவரு தன் இடத்ததான் உங்களுக்கு கொடுத்தாரு, பக்கத்துல வர்றவரோட இடத்த அவர் கொடுக்க முடியாது. அதனால லோரியோட மூக்கு வரைக்கும் ஊர்ந்து போயி அங்க நிறுத்துங்க, கழுத்த நீட்டி ஓரத்த பாருங்க, யாரும் இல்லன்னு கண்ணால பாத்த பிறகு மீதி தூரம். ஆட்டோ காடியா இருந்தா பிரேக் மேலயே கால வச்சு விட்டு விட்டு ஊர்ந்தா போதும், எண்ணெய் (ஆக்சிலரேட்டர்) மிதிக்கவே தேவையில்ல.

அப்புறம் காடியோட முன் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் ஒரு தூண் இருக்குல்ல, வலது பக்க தூண் உங்க கண்ணுக்கு ரொம்ப கிட்ட இருக்கறதால ஒரு சைக்கிள முழுசா மறைச்சிடும். அதுலயும் மோசம், நீங்களும் மெல்ல நகர்றீங்க, அவரும் நகர்றாரு, ரெண்டு பேரும் ஒரே இடத்த நோக்கி வந்தா தூணுக்கு பின்னாலயே அவர் ஒட்டிக்கிட்டு வருவாரு, கடைசி வரைக்கும் தெரியாது. திரும்புறதுக்கு முன்னாடி உடம்ப கொஞ்சம் முன்னால பின்னால அசைச்சு தூணுக்கு ரெண்டு பக்கமும் பாருங்க.

தாமான்லேருந்து பெரிய ரோட்டுக்கு வெளிய வர்றப்போ எல்லாரும் வலது பக்கம் மட்டும் பாத்துக்கிட்டே இருப்பாங்க, காடி அங்கேருந்துதானே வரும்னு, இடைவெளி கெடச்சதும் இடது பக்கம் பாக்காமலே வண்டிய எடுப்பாங்க. நம்ம ஊருல பாதி பேரு எதிர் திசையில சைக்கிள் ஓட்டுறாங்க, கடை இந்த பக்கமே இருக்கு, ரோட்ட ரெண்டு தடவை தாண்ட பயமா இருக்குன்னு. அது சரியான பழக்கம் இல்ல, ஆனா அவங்க வருவாங்கன்னு தெரிஞ்சும் பாக்காம எடுக்குறது அதவிட தப்பு. வண்டி நகர்றதுக்கு முன்னாடி கடைசி பார்வை இடது பக்கமா இருக்கட்டும்.

நேரத்தையும் சொல்லணும். 1982 ஜனவரி 1ல தீபகற்ப மலேசியாவுல கடிகாரத்த அரை மணி நேரம் முன்னால தள்ளி வச்சாங்க, அதனால நமக்கு காலையில வெளிச்சம் லேட்டாத்தான் வரும். 6.45க்கு பிள்ளைங்க ஸ்கூலுக்கு மிதிச்சிட்டு போறப்போ இன்னும் இருட்டு, செம்பனைக்கு நடுவுல போற ரோடுன்னா கும்மிருட்டு. வேலைக்கு போற தம்பிங்களும் அதே நேரம்தான், கருப்பு ஜாக்கெட்டு, லைட்டு இல்லாத சைக்கிளு. அந்த நேரத்துல சிம்பாங் கிட்ட வர்றப்போ ஆளே இல்லாத மாதிரி தெரிஞ்சாலும் ஆள் இருக்காருன்னு நினைச்சு ஓட்டுங்க. சாயங்காலம் சூரியன் நேரா கண்ணுல அடிக்கற பக்கம் திரும்பறதா இருந்தாலும் அதே மாதிரிதான், முன் கண்ணாடி அழுக்கா இருந்தா இன்னும் மோசம், துடைச்சு வைங்க. லீவு நாள்ல கூட்டமா வர்ற ரேஸ் சைக்கிள்காரங்க வேற ரகம், அவங்க 35ல கூட வருவாங்க, விநாடிக்கு கிட்டத்தட்ட 10 மீட்டர், தாத்தாவோட வேகத்துல வர்றாங்கன்னு நினைச்சு குறுக்க போயிடாதீங்க, நடுவுல புகுந்து வெட்டாதீங்க, கடைசி ஆள் போற வரைக்கும் நில்லுங்க.

கை நடுங்குதுன்னு எழுதியிருக்கீங்க. அதுக்காக அந்த சிம்பாங்க தவிர்த்து சுத்திட்டு போகாதீங்க, தவிர்க்க தவிர்க்க பயம் வளரும். ஞாயித்துக்கிழமை காலையில ரோடு காலியா இருக்கறப்போ வீட்டுக்காரர பக்கத்துல உக்கார வச்சு அங்க போயி திரும்புங்க, செய்யறத வாய்விட்டு சொல்லிக்கிட்டே செய்யுங்க, முன்னால சைக்கிள் இல்ல, சிக்னல், கண்ணாடி, கண்ணாடி, தோள், ஓரம், வேகம் குறைச்சாச்சு, திரும்ப ஒரு பார்வை, இப்போ வளையறேன்னு. கை அமைதியாகற வரைக்கும் செய்யுங்க. கடைசி பார்வைய மறக்காதீங்க, ஸ்டீரிங்க திருப்புறதுக்கு சட்டுனு முன்னாடி இடது பக்கம் இன்னொரு தடவை பாக்கணும், அன்னிக்கு அது ஒண்ணு இருந்திருந்தா தாத்தா கண்ணுல பட்டிருப்பாரு. அந்த சிம்பாங்ல புல்லும் புதரும் வளந்து மூலைய மறைச்சிருந்தா போட்டோ எடுத்து மாஜ்லிஸுக்கு (ஊராட்சி மன்றத்துக்கு) ஒரு கடிதம் எழுதுங்க, தாமான்ல நாலு பேரு கையெழுத்து சேத்து போட்டா இன்னும் நல்லது.

கடைகிட்ட ரோட்டோரமா நிறுத்திட்டு கதவு திறக்கறப்போ இடது கையால திறங்க. இடது கைய வலது கதவுக்கு கொண்டு போறப்போ உடம்பு தானா திரும்பி பின்னால பாக்கும், பின்னால வர்ற சைக்கிள் தெரியும்.

மகளுக்கு வருவோம். போகட்டும், தடுக்காதீங்க, ஆனா ஓட்டத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. வண்டியோட இடது பக்கம் சிக்னல் எரிஞ்சா அதுக்கு இடது பக்கம் நுழையவே கூடாது, பின்னால நிக்கணும், லோரின்னா சிக்னல் எரியலன்னாலும் நுழையக் கூடாது, டிரைவரோட முகம் கண்ணாடில தெரியலன்னா அவருக்கும் உன்ன தெரியலன்னு சொல்லிக்கொடுங்க. அப்பாவோட லோரிலயே ஏத்தி டிரைவர் சீட்ல உக்கார வச்சு, தம்பியோ பக்கத்து வீட்டு பிள்ளையோ இடது பக்கம் நிக்கறப்போ தெரியுதான்னு பாக்கச் சொல்லுங்க, வண்டி ஆஃப்ல இருக்கறப்போ, கை பிரேக் போட்டுட்டு. முதல் சில நாள் நீங்களோ அப்பாவோ கூடவே போங்க.

சைக்கிள பாத்து வாங்குங்க. 2017 பிப்ரவரியில ஜொகூர் பாருவுல விடியறதுக்கு முன்னாடி ரோட்டுல சைக்கிள்ல கூடியிருந்த எட்டு பிள்ளைங்க காடி மோதி செத்துப்போனாங்க, நாடே அழுதுச்சு. பாசிக்கல் லாஜாக்னு மாத்திக் கட்டுன சைக்கிள் எவ்வளவு ஆபத்துன்னு பல பெத்தவங்களுக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. பெரிய பசங்க மாத்திக் கட்டி வித்த சைக்கிள் மலிவா கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க. பிரேக் ரெண்டும் பிடிக்கணும், கால் தரையில எட்டணும், பின்னால சிவப்பு லைட்டு, முன்னால வெள்ளை லைட்டு, சக்கரத்துல ரிஃப்ளெக்டர், ஹெல்மெட்டு. ஸ்கூல் பை மேல வெளிச்சத்துல மின்னுற பட்டை ஒண்ணு ஒட்டி விடுங்க, காலை இருட்டுல பின்னால வர்ற காடிக்கு அதுதான் முதல்ல தெரியும்.